அக்காவுக்குப் போடாத டிக்கெட்

என் அக்காவிடம் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். சினிமாவுக்குப் போய்விட்டு ஸ்பெஷல் கிளாஸ் என்பேன், நான் கொட்டிய பாலைப் பூனை தலையில் கட்டுவேன். எல்லாவற்றையும் அவள் கண்டுபிடித்தாள், திட்டினாள், அத்தோடு முடிந்தது. ஒரே ஒரு பொய்க்கு மட்டும் அவள் திட்டவில்லை. போன கோடையில் சொன்ன பொய் அது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பது. அக்கா முன் அறையில் தறி நெய்கிறாள். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அக்காதான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணங்களைத் தெருவே விதவிதமாகச் சொல்லும் என்பதால் நாங்கள் சொல்வதில்லை.

கோடை விடுமுறையில் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஒரு மாதம் ரயிலிலேயே சுற்ற வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. தாஜ்மகால், ஊட்டி எல்லாம் வேண்டாம். பேரைச் சொன்னால் ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியக் கூடாது, அப்படிப்பட்ட ஊர்களாகத் தேடினேன். ஆந்திராவில் கூட்டி என்று ஓர் ஊர், அங்கிருந்து பீதர், புர்ஹான்பூர், மஹோபா, கடைசியாக அசாம் மலையில் ஹாஃப்லாங். பட்டியல் நன்றாகத்தான் இருந்தது. எந்த ரயிலை விட்டு இறங்கி எந்த ரயிலைப் பிடிப்பது என்பதில்தான் மண்டை காய்ந்தது.

நான் நோட்டில் எழுதி அடித்து எழுதிக்கொண்டிருந்ததை அக்கா எட்டிப் பார்த்தாள். "இப்பிடி எழுதினா இன்னா புரியும்? கட்டத்துல போடும்மா" என்றாள். சேலைக் கரைக்கு டிசைன் வரையும் கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துவந்தாள். ஒரு கட்டம் ஒரு மணி நேரம், ஒரு வரி ஒரு நாள் என்று அவளே கணக்கு வைத்தாள். ரயிலில் இருக்கும் நேரத்துக்குச் சிவப்பு, ஊரில் இருக்கும் நேரத்துக்குப் பச்சை, ஸ்டேஷனில் காத்திருப்பதற்கு மஞ்சள். என் ஸ்கூல் கலர் பென்சில்களை வைத்து முப்பது வரிகளையும் நிரப்பிவிட்டு, தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"பாரு, மூணு ராத்திரி சேந்தாப்புல செவப்பா வந்துக்கினு இருக்குது. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? நடுவுல ஒரு பச்சை போடு."

இரண்டு வாரமாக நான் பார்க்காததை ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள். திருவண்ணாமலையைத் தாண்டாதவள், தறியில் உட்கார்ந்தபடியே "புர்ஹான்பூர்ல ஆறு இருக்குதாமே, அங்கயும் தறி இருக்குதாமே" என்று பேச ஆரம்பித்தாள். என் திட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவளுடையதாகிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ஒண்ணு போட்டுடும்மா. நானும் வரேன்" என்றாள்.

"சரிக்கா" என்றேன்.

அந்தச் சரியைச் சொன்ன வாயாலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது. "சாப்ட்டியா, ஸ்வெட்டர் போட்டியா" என்று கேட்க ஆள் இல்லாத ஒரு மாதம் வேண்டியிருந்தது. அவள் வந்தால் ரயில் பெட்டியில் எல்லோருக்கும் இட்லி கொடுப்பாள், எதிர் சீட்டுக்காரர்களிடம் என் வயதைச் சொல்வாள், நான் அங்கேயும் தங்கச்சியாகவே இருப்பேன். இதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பாள். எனக்கு அந்த ஒரு நாளைப் பார்க்கத் தைரியமில்லை.

அரக்கோணத்திலிருந்து கூட்டிக்கு முதல் டிக்கெட். எனக்கு மட்டும் போட்டேன். அக்காவிடம் போய், "எனக்குக் கெடச்சிடுச்சு. உனக்கு வெயிட்டிங் லிஸ்ட் பதினாலு" என்றேன்.

தறியில் ஓடும் நாடாவைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணா போட்டா ஒண்ணா வராதாம்மா?"

"எனக்கு வந்தது கடைசி சீட்டுக்கா" என்றேன்.

பதினாலு என்றால் கிடைத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் தைரியம் சொன்னார். அக்கா ஒலிமுகமதுபேட்டையில் பை தைக்கும் பாயிடம் போய், தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்து வாங்கிவந்தாள். கேன்வாஸ் ஷூ வாங்கினாள். சேலை கட்டிய காலில் அதை மாட்டிக்கொண்டு, பையில் மூன்று படி அரிசியைப் போட்டு, சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தறியில் ஏற்றிய பாவு பாதியில் நிற்கக் கூடாது என்று நேரம் காலம் பார்க்காமல் நெய்தாள். தினமும் காலையில் நான் காபி குடிக்கும்போது, "இன்னிக்கி எவ்ளோ?" என்பாள். நான் போனைப் பார்ப்பதுபோல் பார்த்து ஒரு நம்பர் சொல்வேன். அதை அந்தக் கட்டத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். பதினாலு, பன்னண்டு, ஒன்பது.

இறக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நானாகவே இறக்கினேன். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"முன்னாடி இருக்கறவங்க கேன்சல் பண்ணணும்னு அம்மனுக்கு வேண்டிக்கோ" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

"ஒம்பது பேரு வீட்ல ஏதாவது ஆனாத்தானே கேன்சல் பண்ணுவாங்க? அத போயி நான் எப்பிடி வேண்டிக்கிறது?" என்றாள் அக்கா. நான் உள்ளே ஓடி, குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

மறுநாள், திருத்த வேண்டிய பேப்பர் கட்டோடு அவசரமாகக் கிளம்பும்போது கேட்டாள். "பதினொண்ணுக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

தறிச் சத்தம் நின்றது. "நேத்து ஒம்பதுன்னியேம்மா."

ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தால் கண்டுபிடிக்கிறவளிடம் கணக்கு டீச்சர் ஒருத்தி எண்ணில் கோட்டை விட்டாள். "அது வேற லிஸ்ட்டுக்கா, மாறி மாறி வரும்" என்றேன். "அப்பிடியா" என்றாள். தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

அதன் பிறகு அவள் மாடியில் நடக்கவில்லை. முட்டி வலி போல என்று நினைத்து நிம்மதிப்பட்டேன். ஆனால் காலையில் கேட்பதை மட்டும் விடவில்லை. கிளம்பும் நாள் வரைக்கும் கேட்டாள். நானும் சொன்னேன். எட்டு, ஆறு, கடைசியில் மூன்று.

"மூணுல நின்னுடுச்சா? சரி வுடு. நீ பத்திரமா போயிட்டு வா" என்று எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். அரக்கோணம் பஸ் ஏற்ற வந்தவள் ஜன்னல் வழியாக ஸ்வெட்டர் எடுத்தேனா என்று கேட்டாள்.

பயணம் நன்றாக இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். கூட்டிக் கோட்டை மேல் நின்று காற்று வாங்கினேன், பீதரில் மழையில் நனைந்தேன். ஆனால் எந்த ஊரில் இறங்கினாலும் போன் வரும். "இந்நேரம் மஞ்சக் கட்டத்துல இருப்பியே, உக்கார எடம் கெடச்சுதா?" தறியில் உட்கார்ந்துகொண்டு அவள் என் கூடவே வந்துகொண்டிருந்தாள். புர்ஹான்பூரில் ஆற்றங்கரையில் நின்று, "தண்ணி இருக்குதா?" என்று அவள் கேட்டதும் அழுதேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அதுவும் பொய்தான்.

திரும்பி வந்த அன்று அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். முப்பது வரியிலும் நான் கடந்த கட்டங்களை எல்லாம் அவள் டிக் அடித்திருந்தாள். ஓரத்தில் நம்பர்கள் இருந்தன. பதினாலு, பன்னண்டு, ஒன்பது, பதினொன்று. அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு நம்பரையும் அவள் எழுதவில்லை. இருபது நாளுக்கு மேல் தினமும் கேட்டாளே, அது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்ல எனக்குத் தினமும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். நான் தினமும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு பயணத்தில் வாங்கிய சால்வையை அக்காவிடம் நீட்டினேன்.

இந்த வருடம் புக்கிங் திறந்ததும் முதல் வேலையாக இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டேன். ஒரு லோயர், ஒரு மிடில், இரண்டும் கன்ஃபார்ம். போனை எடுத்துக்கொண்டு தறியருகே போய் நின்றேன்.

"அக்கா, போன தடவ உனக்கு நான் டிக்கெட்டே போடல" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி இரண்டு பெயர்களையும் விரலை வைத்துப் படித்தாள். "ஒண்ணா போட்டா ஒண்ணாத்தான் வருது பாரு. அன்னிக்கே கேட்டேன்ல" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தாள்.

"வர்றியாக்கா?"

"பாவுல இன்னும் ரெண்டு சேலை இருக்குது. பாக்கலாம்."

கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இப்போது காலையில் காபி டம்ளரோடு போய்க் கேட்பவள் நான். இன்றைக்கும் கேட்டேன்.

"நேத்து இன்னா சொன்னேன்?" என்றாள், தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பாக்கலாம்னு சொன்னே."

"இன்னிக்கும் அதாம்மா."