காவல்கல்லில் நான் எறிந்த கல்

நான் மூட்டை ஊர்க்காரி. இதை எழுத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், பாப்பாரப்பட்டி பக்கம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். அப்படித் திருப்புவதில் எனக்கு நல்ல கைத்தேர்ச்சி உண்டு. இனி அது தேவையில்லை.

எங்கள் ஊருக்கு வேறு பெயர் இருக்கிறது. பேருந்தில் எழுதியிருப்பதும் ரேஷன் கார்டில் இருப்பதும் அந்தப் பெயர்தான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் மூட்டை ஊர் என்றால்தான் தெரியும். ஊரின் தலைக்குமேல் ஒரு மலை. மலையுச்சியில் இடிந்துபோன கோட்டை. மைசூர்க்காரர்களுக்கும் வெள்ளைக்காரக் கும்பினிக்கும் சண்டை நடந்த காலத்தில் அங்கேயும் ஒரு சண்டை நடந்ததாம். கோட்டைக்குள் இருந்தவர்கள் பல நாள் தாக்குப்பிடித்தார்களாம். கடைசியில் மலையடிவாரத்து ஆட்டுக்காரன் ஒருவன், ஒரு மூட்டை கேழ்வரகுக்கு ஆசைப்பட்டு, பின்பக்க வழியைக் கும்பினிப் படைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டானாம். அந்த அடிவாரம்தான் எங்கள் ஊர். மூட்டையை அன்றைக்கு வாங்கியது யாரோ ஒருவன். சுமப்பது இன்றுவரைக்கும் நாங்கள். மேல்நிலைப் பள்ளியில் நான் கேழ்வரகுக் களி கொண்டுபோன நாளெல்லாம், வாங்கின மூட்டை இன்னும் தீரலையா என்று கேட்பார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நான் களியே கொண்டுபோகவில்லை.

பிறகு தருமபுரிக்கு வந்தேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, பெண்கள் விடுதியில் தங்கல், ஞாயிறு பூசை. கோவிலில் இளையோர் குழு ஒன்று இருந்தது, சேர்ந்துகொண்டேன். ரத்ததானம், கிறிஸ்துமஸ் குடில், பாட்டுப் பயிற்சி என்று எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். அதோடு வருடத்துக்கு ஒருமுறை, குடியரசு நாள் விடுமுறையில் வரலாற்று நடை. எல்லோருக்கும் மஞ்சள் பனியன், எலுமிச்சைச் சாதம், ஒரு வேன். போகும் இடம் எங்கள் ஊர் மலை.

நடையை ஆரம்பித்துவைத்தவர் குழுவின் செயலாளர் அண்ணன். தனியார் பள்ளியில் வரலாறு எடுப்பவர். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது விடுதி வாசலுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர் அவரும் அவர் மனைவியும். ஆனால் வாயைத் திறந்து கதை சொன்னால் கேட்பவன் கையில் வாள் இருப்பதுபோல் ஆகிவிடும். மலையில் பாதி ஏறியதும் வழியோரத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கல்குவியல் இருக்கும். அங்கே எல்லோரையும் நிறுத்தி, ஆட்டுக்காரன் கதையைச் சொல்வார். முற்றுகை, தண்ணீர்ப் பஞ்சம், மூட்டை, துரோகம். அவர் சொல்லிமுடிக்கும்போது எனக்கே எங்கள் ஊர்க்காரன்மேல் கோபம் வரும். பிறகு ஆளுக்கொரு கல் எடுத்துக் குவியல்மேல் எறிய வேண்டும். எறியும்போது துரோகி என்று கத்த வேண்டும். குழுவில் அந்த இடத்துக்குத் துரோகி மேடு என்று பெயர். இந்தக் கல்லெறிதலை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. அண்ணனுக்கே அவருடைய கல்லூரி நாட்களில் யாரோ சொல்லிக்கொடுத்ததாம்.

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் காவல்கல். மலையேறும் யாரும், ஆடு ஓட்டிப் போகிறவர்களும் விறகுக்குப் போகிறவர்களும், அங்கே நின்று ஒரு கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போவார்கள். சிறுத்தை குறுக்கே வரக்கூடாது, பாம்பு மிதிபடக்கூடாது, போனவர்கள் முழுசாகத் திரும்ப வேண்டும் என்பதற்கு. உள்ளே சிலையும் இல்லை, வேலும் இல்லை, வெறும் கல்தான். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு வைப்பார்கள். எங்கள் அம்மா சிலுவை போட்டுவிட்டு வைக்கும். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, சாமியாரு ஆடு மேய்க்க வரமாட்டாரு என்றது. கோடை விடுமுறைகளில் அம்மாவோடு ஆடு ஓட்டிப் போகும்போது நானும் வைத்திருக்கிறேன். எத்தனை கல் வைத்தேன் என்று கணக்கில்லை.

அப்படிப்பட்ட நான், குழுவில் சேர்ந்த முதல் வருடம் அதே கல்மேல் கல்லெறிந்தேன்.

வேறு வார்த்தை போட்டு மழுப்ப விருப்பமில்லை. எறிந்தேன். முப்பது பேர் வரிசையாக எறிந்துகொண்டு வரும்போது, என் முறை வந்ததும் உடம்பு தானாகக் குனிந்தது, கை கல்லை எடுத்தது. எறியாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் மறுபடி களி டப்பா. இவ்வளவும் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடிவிட்டது. துரோகி என்று கத்தவும் செய்தேன். கல் குவியலின் ஓரத்தில் பட்டு உருண்டு பக்கத்து ஆவாரம் புதரில் விழுந்தது. குறிகூட ஒழுங்கில்லை என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். பாவம் இல்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அடுத்த வருடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுதியில் படுத்துக்கொண்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா களத்தில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, நிமிராமலே சொன்னது:

“வருசாவருசம் டவுன் பசங்க மஞ்ச பனியன் போட்டுட்டு வந்து காவல்கல்லுல கல்லு வெச்சுட்டுப் போறாங்க பாப்பா. எங்கிருந்து வர்றாங்களோ, நல்ல புள்ளைங்க.”

அது வைப்பது இல்லம்மா, எறிவது என்று சொல்ல வாய் வரவில்லை. நம்மைத் துரோகி என்று சொல்லித்தான் எறிகிறோம் என்று எப்படிச் சொல்வது? எறிகிறோம் என்பதில் நானும் அல்லவா இருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இது தெரியக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அதே மூச்சில், இனி என் கையால் ஒரு கல்கூட எறியமாட்டேன் என்றும் முடிவெடுத்தேன். கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவது. குழுவைவிட்டுப் போ என்றால் போய்விடுவது. நான் ஒன்றும் அவர்கள் வீட்டுச் சோற்றில் வளரவில்லை.

இந்த ஜனவரியில் நடைக்குப் போனேன். வேன் எங்கள் ஊர் எல்லையிலேயே நின்றது. போன மழையில் பழைய தடம் அறுந்துபோயிருந்ததால், அண்ணன் இறங்கிப்போய் முதல் வீட்டில் வழி கேட்டார். அந்த வீட்டு அக்கா இடுப்பில் குழந்தையோடு சாலைவரை வந்து, எந்தப் புளியமரத்தில் திரும்ப வேண்டும், எங்கே பாறை வழுக்கும் என்று கைநீட்டிச் சொன்னது. குடம் நிறையத் தண்ணீரும் கொடுத்தது. நான் வேனின் கடைசி இருக்கையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு இருந்தேன். அந்த அக்காவுக்கு என்னைத் தெரியும். அப்படி ஒளிந்ததற்கு இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

காவல்கல்லுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அண்ணன் கதையைச் சொல்லி முடித்தார். முதல் நான்கைந்து பேர் எறிந்தார்கள். அப்போது மேலே பாறைத் திருப்பத்தில் மணிச்சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகள் இறங்கி வந்தன. பின்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் குச்சியோடு எங்கள் அம்மா.

“கண்ணுங்களா, கொஞ்சம் நில்லுங்க. ஆடு தாண்டிப் போயிரட்டும்” என்றது.

எல்லோரும் ஒதுங்கினார்கள். ஆடுகள் எங்கள் கால்களுக்கிடையே நுழைந்து போயின. அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டார், எந்த ஊருங்கம்மா என்று.

“கீழதாங்க. மூட்டை ஊருன்னு சொல்லுவாங்களே, அந்த ஊருதான்.”

நான் இருபத்தாறு வருடமாக விழுங்கிவைத்த பெயரை, அம்மா நேரம் கேட்டவனுக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டது. யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறந்ததும் கேட்ட அதே சிரிப்பு.

“எதுக்குச் சிரிக்கறீங்க?” என்றேன். “இவங்க எங்கம்மா. நானும் அந்த ஊருதான்.”

முப்பது மஞ்சள் பனியனும் என் பக்கம் திரும்பின. அம்மா திரும்பவில்லை, ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்துக் கேட்டேன், நாம் இப்போது ஏறிவந்தது எந்த வழி என்று. பின்பக்க வழி என்றார். ஆட்டுக்காரன் காட்டிக்கொடுத்ததாகச் சொல்கிறீர்களே, அந்த வழிதானே என்றேன். ஆமாம் என்றார்.

“இது ஒளிச்சு வெச்ச வழியாங்கண்ணா? தெனம் ஆடு ஏறி எறங்கற வழி. கீழ படுத்திருந்த படைக்குக் கண்ணு இல்லையா? காலைல நீங்க வழி கேட்டீங்க, அந்த அக்கா சொல்லுச்சு, தண்ணியும் குடுத்துச்சு. அவங்க மேலயும் கல்லு எறிவீங்களா?”

என்னோடு பாட்டுக்குழுவில் பாடும் பெண் ஒருத்தி, அப்படியென்றால் அவன் காட்டிக்கொடுக்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். தெரியாது என்றேன். காட்டியிருந்தாலும் இருப்பான். வந்து கேட்பவனுக்கு வழி சொல்வது எங்கள் ஊர் வழக்கம், துப்பாக்கியோடு வந்து கேட்டால் இன்னும் சீக்கிரமாகச் சொல்லியிருப்பார்கள்.

“அந்த மூட்டையையும் சொல்லிடறேன். இந்த மலையைச் சுத்திக் கேழ்வரகு போட்டது எங்க ஊருதான். கோட்டைக்காரன் தின்னதும் எங்களுது, கும்பினிக்காரன் குடுத்ததும் எங்களுது. எங்க மூட்டைய எங்களுக்கே குடுத்தான், அதுக்கு நீங்க எங்களுக்கே பேரு வெக்கறீங்க.”

அண்ணன் கையில் அவருடைய கல் அப்படியே இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கை மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அதைவிட, இனி அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம்தான் அதிகம். எல்லாவற்றையும் அதன் காதுபடவே போட்டு உடைத்தாகிவிட்டது. நல்ல பிள்ளைகள் கல் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த மனசு.

“அம்மா, இவங்க வெக்கல. எறியறாங்க” என்றேன்.

“தெரியும்” என்றது அம்மா.

குச்சியை ஆவாரம் புதரில் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்தது. அன்றைக்கு எறிந்ததில் உருண்டு கிடந்த நான்கைந்து கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. பொறுக்கிக்கொண்டே பேசியது.

“நீங்க கத்தறது களம் வரைக்கும் கேக்குதே. மொத வருசம் வந்து சண்டை போடலாம்னுதான் இருந்தேன். அப்பறம் செரி, எறியறவன் என்ன நெனச்சு எறிஞ்சா என்ன, சேர்றது காவல்கல்லுலதானன்னு வுட்டுட்டேன். நீங்க எறங்கிப் போனதும் வருவேன். செதறிக் கெடக்கறத எடுத்து மேல வெப்பேன். எங்க ஊரு ஆளுங்க வெச்சது பாதி, நீங்க எறிஞ்சது பாதி. இப்ப முன்னைக்கு நல்லா ஒசந்துருச்சு.”

உண்மைதான். நான் சின்னவளாக இருந்தபோது என் முழங்கால் உயரம் இருந்த குவியல், இன்று அம்மாவின் இடுப்புக்கு நின்றது. எங்களைத் திட்டித் திட்டியே எங்கள் காவலைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே உரக்கச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

அண்ணன் முன்னால் வந்தார். கையிலிருந்த கல்லை எறியாமல் குனிந்து வைத்தார். அவரைப் பார்த்துச் சிலர் வைத்தார்கள். சிலர் வைக்காமல் பேசிக்கொண்டே மேலே நடந்தார்கள். சிரித்தவன் கல்லைப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போனான். போகட்டும், அதையும் எடுத்துவைக்க எங்களுக்குக் கை இருக்கிறது.

எல்லோரும் நகர்ந்த பிறகு, பாதையில் கிடந்த அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மஞ்சள் பனியனில் நானும் இருந்தேன் என்று.

“அம்மா, மொத வருசம்…”

“ஆவாரம் புதருல விழுந்துச்சே, அதுதான?” என்றது. “மேல கொள்ளுக்காட்டுல இருந்தேன். உன் நடை எனக்குத் தெரியாதா. நீயா சொல்லுவன்னு இருந்தேன். அதையும் எடுத்து நான் அன்னைக்கே வெச்சுட்டேன், போ.”