எர்த் பின்னை இலவசமாக நீக்கித் தருவோம்

எலெக்ட்ரிக்கல் கடையில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ஒருவன், தன் வீட்டு வெந்நீர் பக்கெட்டைத் தொடும்போதெல்லாம் விரல் நுனியில் சுருக்கென்று பிடிப்பதை நரம்புத் தளர்ச்சி என்று தானே முடிவுகட்டி, டாக்டரிடம் வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்கினான் என்றால் நம்புவீர்களா? அவன் நான்தான். நடுவில் சில நாட்கள் காஸ் அடுப்பில் வெந்நீர் போட்டோம். அந்த நாட்களில் சுருக்கு இல்லை. மாத்திரை பிடித்துவிட்டது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: கெட்ட பொருள் விற்றுவிட்டால் யார் பொறுப்பு, செய்த கம்பெனியா, விற்ற கடையா? சட்டத்தை நான் படித்திருந்தேன். செய்தவனைப் பிடிக்கும், விற்றவன் பொருளில் கைவைத்து மாற்றி, அதனால் ஒருவருக்குக் கேடு வந்தால் அவனையும் பிடிக்கும். அந்த வரியை சிவப்புப் பேனாவில் அடிக்கோடிட்டிருந்தேன். படித்தவன் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

எங்கள் கடை ஆண்டர்சன்பேட்டையில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பக்கம். குளிர் ஆரம்பித்தால் அதிகம் போவது தண்ணீர் காயவைக்கிற ஹீட்டர் ராடு. அந்த வருடம் பெங்களூர் டிஸ்ட்ரிப்யூட்டர் ஏதோ புதுக் கம்பெனி ராடைத் தலையில் கட்டினார். மூன்று பின் பிளக் டாப்போடு வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருப்பவர்கள். அந்தச் சுவர்களில் பலவற்றில் இன்னும் இரண்டு ஓட்டை பிளக்தான், எர்த் கிடையாது. மைல் கணக்கில் பூமியைக் குடைந்த ஊர் இது. வீட்டுக்கு ஓர் எர்த் குழி தோண்டத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே மூன்று பின் டாப்பை வெட்டியெறிந்து, டூ-பின் டாப் மாட்டித் தந்தோம். கசிகிற கரண்ட் ஆள் மேல் பாயாமல் அதை மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த் ஒயர். அதை மடித்து, டேப் சுற்றி, டாப்புக்குள்ளேயே அடக்கிவிடுவோம். மிக நேர்த்தியாக இருக்கும். இலவச சேவை. யோசனை என்னுடையது, என் வீட்டு ராடுக்கும் அதே சேவை செய்துகொண்டேன்.

பாலகாட் அக்கா

ஒரு மத்தியானம் பாலகாட் பக்கத்து லைன் வீட்டிலிருந்து மேரி அக்கா வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர். ராடைச் செய்தித்தாளில் சுற்றி, இடது கையில் பிடித்திருந்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னா தம்பி ராடு குடுத்துகிற? ஆளையே தூக்கிப் போடுது.”

“ஸ்விட்ச் ஆஃப் பண்ணாம அண்டாவத் தொட்டீங்களாக்கா? தொடக் கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்குதே.”

“அட்டைய எங்க குடுத்த? டாப் மாத்தறேன்னு கடையிலயே கிழிச்சிக் குப்பையில போட்டுட்ட. செவுத்துல போய் மோதினேன் தம்பி. கை இன்னும் மரத்துக்கினு கீது.”

அவரை முதலில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ராடை அறுத்துப் பார்த்தேன். கழுத்துப் பக்கத்து சீல் வெடித்து, தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. குடோனில் பிரிக்காத பெட்டிகளைப் பிரித்தேன். பலவற்றில் அதே இடத்தில் மயிரிழை விரிசல். விற்கும்போது ஒவ்வொன்றையும் கவுண்டரில் டெஸ்ட் செய்துதான் தந்தோம். ஆனால் டாப்பை வெட்டுவதற்கு முன்னால், கடையின் நல்ல எர்த்தில் வைத்து டெஸ்ட் செய்தோம். அங்கே எந்த ராடும் யாரையும் கடிக்காது. என் விரல்களுக்கு என்ன நோய் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

டிஸ்ட்ரிப்யூட்டருக்கு போன் போட்டேன். “பிளக் மாத்தினீங்களா சார்? மாத்தினா அது எங்க ப்ராடக்ட் இல்ல சார், உங்க ப்ராடக்ட்” என்றார். நான் அடிக்கோடிட்ட வரியில் தனக்கு வசதியான பாதியை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். சீல் வெடித்ததற்கு கம்பெனி தப்ப முடியாது. ஆனால் அப்போதும் ஆளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒயரை டேப் சுற்றி அடக்கியது நாங்கள்.

முதலாளி தனபால் கெட்டவர் அல்ல, பயந்தவர்.

“சத்தம் போடாதய்யா. வர்றவங்களுக்கு மாத்திக் குடு. வராதவங்களப் போய் ஏன் எழுப்பற? நாமளே தப்ப ஒத்துக்கின மாதிரி ஆயிடும்.”

“வராதவங்க, வர முடியாத நெலமையில இருந்தா?”

அவர் டிராயரிலிருந்து வாரண்டி நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். பிறகு, “போன் பண்ணித் தொல” என்றார்.

வாரண்டிக்காக வாங்கி வைத்திருந்த நம்பர்களுக்கெல்லாம் போன் செய்தோம். ராடைப் பிடுங்கி வையுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், பணம் திருப்பித் தருகிறோம் என்றோம். சாயங்காலத்துக்குள் எல்லோரையும் பிடித்துவிட்டோம், ஒருவரைத் தவிர. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் அவசரமாக வாங்கிப்போனாள். பேர், நம்பர் எதுவும் நான் கேட்கவில்லை. ஊரிகத்து லைன் வீடு, தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது.

ஊரிகம் ஸ்டேஷன்

அந்த ரயில் திரும்பி வருகிற நேரம். ஸ்கூட்டரை ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டு பிளாட்ஃபார்முக்கு ஓடினேன். வண்டி நின்றதும் ஜனம் கொட்டியது. எல்லாக் கழுத்திலும் ஐ.டி. கார்டு. எல்லா முகத்திலும் ஒரே தூக்கம். அவள் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வேறு வழியில்லாமல் கத்தினேன். “ஆண்டர்சன்பேட்டையில ஞாயித்துக்கெழம ஹீட்டர் ராடு வாங்கினவங்க யாரு? ராடு ஷாக் அடிக்குது! போட்டுடாதீங்க!”

“எந்தக் கட்சி சார்?” என்று ஒருவர் கேட்டுக்கொண்டே போனார். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. பாதி பிளாட்ஃபார்ம் காலியாகிவிட்டது. என் குரல் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் நின்றாள்.

“அண்ணா, நான்தான் வாங்கினேன். இன்னா ஆச்சு?”

“ராடு டிஃபெக்டும்மா. வீட்டுல இப்ப யாராவது தண்ணி போடுவாங்களா?”

“எங்க வூட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சி வந்திருப்பாரு. இந்நேரம் போட்டிருப்பாரு.” அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். “எடுக்கலண்ணா. குளிக்கப் போனா போன ரூம்லயே வெச்சிடுவாரு.”

அவள் பேர் சுஜாதா. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் என் தோளைக் குத்தி வழி சொன்னாள். போனை மட்டும் நிறுத்தவேயில்லை. அந்த ரிங் டோன் என் காதுக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டே வந்தது. இந்த ராடை நான் எத்தனை அழகாக டேப் சுற்றினேன் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டில் மேல் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கம் பாத்ரூம் கதவு உள்ளே தாழ்.

“கௌதம்! எதையும் தொடாத! கௌதம்!” அவள் இரண்டு கையாலும் கதவை அடித்தாள். உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் வாசல் பக்கம் ஓடி, மீட்டர் போர்டில் ஃப்யூஸைப் பிடுங்கினேன். வீடு இருண்டது. குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. சுஜாதா கதவடிப்பதை நிறுத்திவிட்டாள். அந்த இருட்டில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அப்புறம் குழாய் நின்றது. உள்ளேயிருந்து குரல் வந்தது:

“எவன்டா கரண்ட்டப் புடுங்கினது? கண்ணெல்லாம் சோப்பு கீது!”

அண்டாவில் தண்ணீர் காய்கிறவரை குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். குழாய்ச் சத்தத்தில் கதவு தட்டியது கேட்கவில்லையாம். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் மொள்ளும் மக்கைத் தேடி, அண்டாவின் விளிம்பைத் தடவியிருப்பான்.

அவன் துண்டோடு வெளியே வந்த பிறகு ஃப்யூஸைத் திரும்பச் செருகி, எவர்சில்வர் அண்டாவில் டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது. கௌதம் அதைப் பார்த்தான், தன் ஈரக் கையைப் பார்த்தான். சுஜாதா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “தண்ணி குடிக்கிறீங்களாண்ணா?” என்று அவள்தான் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் இலவச சேவைக்கு முழுக்குப் போட்டோம். எர்த் இல்லாத வீட்டுக்கு முதலில் எர்த், மூன்று பின் சாக்கெட், அப்புறம்தான் ராடு. மேரி அக்காவின் வைத்தியத்தைக் கடையே பார்த்துக்கொண்டது. கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம், எங்கள் தவறையும் சேர்த்தே எழுதி. முதலாளி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பொருளில் கத்தரி வைத்த நிமிடமே நீயும் அதைச் செய்தவன் ஆகிறாய். வாடிக்கையாளர் கேட்டார், சும்மாதான் செய்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

திரும்பி வந்த ராடுகளில் புகாருக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஒருநாள் கடை வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வந்து நின்று, கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள்.

“அன்னிக்கி ஊரிகம் ஸ்டேஷன்ல கத்தினது நீங்கதானே சார்?”

“ஆமா” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

“நல்ல சாமான ஏன் சார் ஒடைக்கிறீங்க? பாதி வெலைக்குக் குடுங்க. நாங்க செருப்பு போட்டுக்கினு குளிச்சிக்கிறோம்.”