ஓடாமல் கெட்ட செயின்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சம்பா அறுவடை முடியும் தறுவாயில், கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து மகளின் பள்ளிக்குப் போகும் வாய்க்கால் கரைச் சாலையில் நடந்தது இது. நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளர். வாரத்துக்கு ஒரு விபத்துச் செய்தியாவது எழுதுவேன். எங்கள் குடும்பத்தை நூலிழையில் விட்டுப்போன இந்த ஒன்றை மட்டும் இதுவரை எழுதியதில்லை.

என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில்தான். அந்த வீடுகளின் முகப்பில் எல்லாம் உறை போட்டு மூடிய பைக் ஒன்று நிற்கும். இரண்டு வருடம் அசையாமல் நிற்கும். லீவில் ஆள் வந்ததும் ஒன்றரை மாதம் ஓயாமல் ஓடும். பிறகு மறுபடியும் உறைக்குள் போய்விடும். எங்கள் வீட்டு வண்டியும் அப்படித்தான். அவர் முதல் சம்பளத்தை முன்பணமாகக் கட்டி வாங்கியது. எனக்கு ஸ்கூட்டர் இருந்தது. பைக்கை ஓட்டு என்று அவரும் சொன்னதில்லை, ஓட்டட்டுமா என்று நானும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் செய்வார். வீட்டுப் பேச்சு, மகள் படிப்பு எல்லாம் முடிந்த பிறகு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்" என்பார். நான் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, போனை எஞ்சின் பக்கம் பிடிப்பேன். "லேசா முறுக்கு... ம்ம்... போதும், போதும். சைலன்சர் சூடாயிரும், புள்ள கால வெச்சிரப் போவுது." அவ்வளவுதான். வண்டி நல்லபடியாக இருக்கிறது என்று அவர் அங்கே நிம்மதியாவார். கடமை முடிந்தது என்று நான் இங்கே உறையை இழுத்து மூடுவேன்.

அவர் போனபோது மழலையர் வகுப்பில் இருந்த மகள், அவர் திரும்பி வரும்போது இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். 'எங்க அத்தா வந்தா என்னைய பைக்ல கொண்டாந்து விடுவாங்க' என்று வகுப்பு முழுவதும் சொல்லிவைத்திருந்தாள். அவரும் போனில் அந்த வாக்கை வாராவாரம் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

வந்து இறங்கிய மறுநாள் உறையை எடுத்தார். அவர் கண் முதலில் போனது மீட்டருக்கு. "பாரு, மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். புது வண்டி!" என் கண் போனது தரைக்கு. செயினுக்கு நேர் கீழே செங்காவி நிறத்தில் பொடி உதிர்ந்து கிடந்தது. அந்த வண்டியில் செயின் முழுக்க மூடியிராது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். கீழ்ப்பக்கச் செயின் சீராகத் தொங்காமல், மடங்கிய விரல் நிமிராதது போல அங்கங்கே முறுக்கிக்கொண்டு நின்றது.

"செயின் மாத்தணும்போல இருக்கேங்க" என்றேன்.

"செயினு இருவதாயிரம் கிலோமீட்டருக்குக் கொறையாம வரும். இது கால்வாசிகூட ஓடல. நீ ஸ்கூட்டர் ஓட்டுறவ. அதுல செயினே கெடையாது."

"ஸ்கூட்டர்லதான் செயின் இல்ல. எனக்குக் கண்ணு இருக்கு."

அவர் சிரித்துவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் உட்காரக்கூட இல்லை. "துருதான் பாய். எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஓட்டுனா தானா எளகிடும்" என்று சொல்லி எண்ணெயைத் தாராளமாக விட்டார். செங்காவி நிறம் மறைந்து செயின் கறுத்துப் பளபளத்தது. கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விஷயம் அதோடு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

எனக்கு விஷயம் முடியவில்லை. சாயங்காலம் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கியது. அந்த இடத்துச் செயின் கண்ணியில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டேன். செயின் முழுச் சுற்று வந்து மறுபடியும் தடுக்கியபோது, அதே கோடு அதே இடத்தில் வந்து நின்றது. எண்ணெய் விட்டும் அந்தக் கண்ணி மடங்க மறுக்கிறது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரி, ஊருக்குப் போகும்போது மாத்தி வெச்சிட்டுப் போறேன்."

"மாத்துற வரைக்கும் புள்ள அதுல ஏற மாட்டா."

அவர் முகம் மாறிவிட்டது. "வந்து ரெண்டு நாள் ஆவல. எம் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறதுக்கு உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

அன்று இரவு மகள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அத்தா பக்கம் போய்ப் படுத்துவிட்டாள். செயினைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது உடையாமல் ஓடிவிட்டால், இரண்டு வருடமாக இரண்டு பேர் காத்திருந்த ஒரு சவாரியைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்குத்தான். அந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

காலையில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மகள் என் ஸ்கூட்டரில் வருவாள், அவர் பைக்கில் பக்கத்திலேயே வருவார். மெக்கானிக் சொன்ன இரண்டு நாளும் ஒழுங்காக ஓடினால் அதன் பிறகு அவள் பைக்கில் ஏறலாம். மகளுக்கு அரை மனது. ஆனால் சாலைக்கு வந்ததும் கோபம் மறந்து அத்தாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தாள். அவரும் ஹார்ன் அடித்துப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அறுவடை நாளில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதி அகலம்தான் வண்டிகளுக்கு. மீதிப் பாதியில் நெல் காயும். அன்றும் அப்படித்தான். இடது ஓரம் நெடுக நெல், அங்கங்கே கூட்டி வைத்த குவியல். வலது பக்கம் வாய்க்கால். முன்னால் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் அதை முந்துவதற்காக அவர் வேகத்தைக் கூட்டினார்.

'தட்' என்று ஒரு சத்தம். அதையடுத்து எஞ்சின் மட்டும் தனியாகக் கத்தியது, வண்டி முன்னேறவில்லை. அடுத்த கணம் பின் சக்கரம் இறுகி, தார்ச்சாலையில் தேய்ந்தபடி வண்டி இடது பக்கமாகச் சரிந்தது. அவரும் வண்டியும் போய் விழுந்தது ஒரு நெல் குவியலில். நெல் சிதறியதில்தான் வேகம் அடங்கியது. வலது பக்கம் சரிந்திருந்தால் வாய்க்கால்.

நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள், காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "யோவ், நெல்லு, நெல்லு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அருகில் வந்ததும் குரல் மாறியது. "அய்யய்யோ, அசையாதீங்க தம்பி. எங்க வலிக்குது? கால நீட்டுங்க பாப்போம்."

முழங்கையில் சிராய்ப்பு, பேன்ட் கிழிசல், அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்தவர் வாயிலிருந்த நெல்லைத் துப்பிவிட்டு, "மன்னிச்சுக்குங்கக்கா, நெல்லெல்லாம் செதறிடுச்சு" என்றார்.

"அது கெடக்கட்டும். சட்டைக்குள்ள ரெண்டு மரக்கா நெல்லு போயிருக்கும். அத மட்டும் உதறிட்டுப் போங்க."

டிராக்டர்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. செய்தி எழுதும் பழக்கதோஷத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்த செயினின் ஒரு பகுதி பின் சக்கரப் பல்லில் சுருண்டு சிக்கியிருந்தது. இன்னொரு பகுதி வீசியடித்ததில் பிளாஸ்டிக் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. பின்னால் உட்காருபவர் இடது காலை வைக்கும் கட்டையின் ரப்பர் கிழிந்து தொங்கியது. உடைந்த கண்ணியின் உள்ளே பெரும்பகுதி துரு. ஓரத்தில் மட்டும் புது உலோகம் பளிச்சென்று இருந்தது. அந்த ஓரம்தான் அதுவரை தாங்கியிருக்கிறது. நான் கோடு போட்ட கண்ணிதானா அது என்று சொல்ல முடியவில்லை. கோடு எண்ணெயில் அழிந்துபோயிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை அவரும் பார்த்தார். கிழிந்த ரப்பரைத் தொட்டார். பிறகு மகளைத் தூக்கி மடியில் உட்காரவைத்து, ஷூ போட்ட அவளுடைய இடது காலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். நெல் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தும் அந்தக் காலை விடவில்லை.

கடைசியில் அவள்தான், "அத்தா, ஸ்கூலுக்கு லேட்டாவுது" என்றாள்.

மூன்று பேரும் என் ஸ்கூட்டரிலேயே போனோம். பள்ளி வாசலில் தோழி ஒருத்தி, "பைக்கு எங்கடி?" என்று மடக்கினாள். "பைக்கு ரிப்பேரு. அத்தா வந்துட்டாங்கல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அன்று பிற்பகலே செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் செட்டாக மாற்றினோம். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் பல் செயினைத் தின்றுவிடுமாம். பிறகு இரண்டு மூன்று பட்டறைகளில் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியில்தான் செயினுக்குக் கிலோமீட்டர் கணக்கு. அதுகூட எண்ணெய், மண், சேறு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பின் சக்கரத்தின் பின்புறம் செயினை விரலால் இழுத்தால் பாதிப் பல் தெரியும் அளவுக்கு விலகி வந்தாலோ, பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தாலோ, மாற்றும் நேரம் வந்துவிட்டது. நின்ற வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. உறையின் அடியில் புகும் மழைச் சாரலும் அறுவடைத் தூசியும் படிந்த செயின் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே கெடும். எண்ணெய் விட்ட பிறகும் கண்ணி மடங்கவில்லை என்றால், மீட்டர் என்ன காட்டினாலும் மாற்றிவிட வேண்டும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து வைப்பதால் செயினுக்குப் பயனே இல்லை. அது ஓர் அங்குலம்கூட அசைவதில்லை.

பட்டறை வாசலில் நின்றபோது அவர் சொன்னார்: "ரெண்டு வருஷமா நான் கேட்டது எஞ்சின் சத்தத்த மட்டும்தான்."

"நானும் அத மட்டும்தானே கேக்க வெச்சேன்" என்றேன்.

நான் சொன்னதுதான் சரியாயிற்று என்று அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. தேவைப்படவில்லை. அடுத்த வாரம் மகள் தன் பைக் சவாரியைப் பெற்றாள். அவர் வேகமாகப் போகவே இல்லை என்பதுதான் அவளுடைய ஒரே புகார். லீவு முடியும் முன் ஒரு நாள் சாவியை என் கையில் கொடுத்து, "கியர் போடக் கத்துக்க. இனிமே போத்தி வெக்காத" என்றார். வாய்க்கால் கரையில் பத்து நாள் பழகினேன். அன்றிலிருந்து நன்னிலம், திருவாரூர் என்று செய்திக்குப் போவதெல்லாம் அந்த வண்டியில்தான்.

சென்ற மாதம் செயினை இழுத்துப் பார்த்தேன். பாதிப் பல் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன், செயின் மாற்ற வேண்டும் என்று.

உடனே கேட்டார்: "துருவா?"

"இல்லங்க. ஓடித் தேஞ்சது."

அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. இப்போதெல்லாம் எஞ்சின் பக்கம் போனைப் பிடிக்கச் சொல்வதில்லை. இந்த வாரம் எங்கெல்லாம் போனாய் என்றுதான் கேட்கிறார். ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்து நான் எதை மூடப் போனாலும், அந்தக் கிழிந்த ரப்பரும் அதன் மேல் இல்லாதிருந்த சின்னக் காலும் இன்றைக்கும் என் கையை நிறுத்திவிடுகின்றன.