கண்ணாடித் தகட்டில் திரண்ட தட்டணுக்கள்

முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவளுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும். எனக்குக் கொஞ்சத்துக்கு மேலேயே இருந்தது. என் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது நானே ரத்தம் எடுத்து, நாங்கள் குடியிருக்கும் ஹடப்சரிலிருந்து பஸ்ஸில் வேலைக்குக் கொண்டுபோனேன்.

மழைக்காலம். எதிர்வீட்டு மராத்திக்காரம்மா டெங்கு என்றே முடிவுகட்டிப் பப்பாளி இலைச் சாறு கொடுத்திருந்தார். டெங்குச் சோதனையில் ஒன்றுமில்லை. ஆனால் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் மிகக் குறைவு என்றது இயந்திரம். ஒரு சொட்டைத் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தேன். கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தன. அப்பாடா என்றிருந்தது.

ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் ஒரு மருந்து இருக்கும். சிலருடைய தட்டணுக்கள் அது பட்டாலே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவற்றை இயந்திரம் சரியாக எண்ணாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. வேறு குழாயில் எடுத்து உடனே மறுபடி பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். அதை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

சாயங்காலம் அவரிடம், "ஒண்ணுமில்லைங்க, எல்லாம் டியூபோட கோளாறு" என்றேன்.

"அப்ப ஹாஸ்பிடல் வேண்டாமா?"

"வேண்டாம்."

அவர் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தார். நான் சொன்னால் அவருக்கு மேல்முறையீடு கிடையாது.

காலையில் அவருக்குப் பேச்சு குழறியது. ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தேன். ரத்தத்தில் பாக்டீரியா. காலாணியைத் தானே பிளேடால் சீவியிருக்கிறார். அந்த வழியாக நுழைந்திருக்கிறது. கிருமியைத் தடுக்க முதலில் ஓடுகிறவற்றில் தட்டணுக்களும் உண்டு என்று மருத்துவர் இந்தியில் விளக்கினார். சில கிருமிகள் அவற்றையே பற்றிக்கொண்டு திரளவைத்துவிடுமாம். திரண்டவை தீரத் தீர எண்ணிக்கை சரியுமாம். நான் படித்ததுதான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

சில வாரம் கழித்து அதே மருத்துவரிடம் போனேன். நான் பார்த்த கொத்துகள் குழாயின் வேலையா, கிருமியின் வேலையா என்று கேட்டேன். இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அதற்கும் அதே பதில். இரக்கப்பட்டுச் சொன்னாரோ என்னவோ.

எதிர்வீட்டம்மா விதி என்கிறார். கூட வேலை பார்க்கிறவர்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எல்லோரும் என்னிடம் ரொம்ப நல்லபடியாக நடந்துகொள்கிறார்கள்.

என்னைத் திட்டவாவது அவர் இருந்திருக்கலாம்.