பத்திரிகையில் ஏழு கு

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. சாரல் விழுந்தால் குற்றாலத்து விடுதிகளின் நோட்டீஸ், முகூர்த்த நாள் வந்தால் கல்யாணப் பத்திரிகை. அந்த ஆனியில் என் கல்யாணப் பத்திரிகையையே நான் கோத்தேன். பெண்ணுக்கு ஊர் குத்துக்கல்வலசை, கல்யாணம் குற்றாலத்தில்.

அந்த வாரம் பார்த்து மாயர்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்துத் தொலைத்திருந்தேன். அமெரிக்கக் கண்டத்துக் காட்டுக்குள் கல்லில் எழுத்து வெட்டிய ஆட்கள். ஒரே எழுத்தை ஓர் இடத்தில் முழு மீனாக, இன்னோர் இடத்தில் மீன் தலையாக, வேறோர் இடத்தில் சீப்புப் போல வெறும் துடுப்பாகச் செதுக்குவார்களாம். எல்லாவற்றுக்கும் சத்தம் ஒன்றுதான். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் பார்க்கிற கண் சலித்துவிடும் இல்லையா? படித்த உற்சாகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பத்திரிகையில் குமாரன், குமாரத்தி, குத்துக்கல்வலசை, மூன்று இடத்தில் குற்றாலம், குடும்பத்துடன் என்று மொத்தம் ஏழு கு வந்தது. அச்சகத்தில் கிடந்த எழுத்துப் பெட்டிகளையெல்லாம் துழாவி ஏழையும் ஏழு விதமாக வைத்தேன். ஒன்று தடியன், ஒன்று ஒல்லி, ஒன்று சாய்ந்தது, ஒன்றுக்கு வால் நீளம். அச்சடித்து முடித்ததும் என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறை.

மறுநாளே பெண்ணின் அப்பா வந்துவிட்டார்.

“மாப்ளே, இது என்ன பத்திரிகையா, சந்தைக்கூட்டமா? ஒரு எழுத்த ஒழுங்கா வைக்கத் தெரியாதவன் குடும்பம் எப்படி நடத்துவாம்னு எங்க அண்ணாச்சி கேக்குதாவ.”

நான் மாயர், மீன், மீன் தலை, துடுப்பு என்று ஆரம்பித்தேன்.

“அந்த அமெரிக்காக்காரனா நம்ம பந்தியில வந்து உக்காரப் போறான்? எம்மவகிட்ட காட்டுதேன். அவ வேண்டாம்னா திருநெல்வேலில புதுசா அடிச்சிக்கிடுதோம்.”

கல்யாணம் நிற்காது என்று தெரியும். ஆனால் அவள் என்னைப் பைத்தியம், கோட்டிக்காரன் என்று நினைத்துவிட்டால்? பெண் பார்க்கப் போன அன்று காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனவள்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியப்போகும் முதல் விஷயம் இந்த ஏழு கு. ஞாயிற்றுக்கிழமை அருவியில் போய்த் தலையைக் கொடுத்தேன். எல்லாக் கவலையையும் அடித்துக்கொண்டு போகிற தண்ணீர், இதை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

திங்கட்கிழமை மாமா ஒரு தாளை நீட்டினார். பெண் வீட்டு உறவுகளின் விலாசம். பத்திரிகைக் கவர்களில் அச்சகத்திலேயே நாங்கள் எழுதி அனுப்ப வேண்டும்.

“அவதான் எழுதுனா. முத்து முத்தா எழுதுத பிள்ள, இன்னைக்கு என்ன கோளாறோ, கிறுக்கி வச்சிருக்கா.”

“பத்திரிகையைப் பாத்துட்டு என்ன சொன்னா மாமா?”

“என்னத்தச் சொன்னா? நீ சொன்ன மீன் கதைய நான் ஏசிக்கிட்டே சொல்லுதேன், அவ சிரிச்சிக்கிட்டே இருக்கா.”

தாளைப் பார்த்தேன். குற்றாலம், குத்துக்கல்வலசை, மறுபடி குற்றாலம். ஒரு கு தடியாக, அடுத்தது ஒல்லியாக, அதற்கடுத்தது சாய்ந்து, இன்னொன்று அடுத்த வரி வரைக்கும் வாலை நீட்டிக்கொண்டு. எழுதியதில் ஒன்றைப் போல ஒன்று இல்லை. மாமாவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாதே என்று மை டப்பாவைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

கடைசி விலாசம் அவளுடையது. கல்யாணப் பெண்ணுக்கே யாராவது பத்திரிகை அனுப்புவார்களா? அதிலும் ஊர்ப் பெயரின் முதலில் கு இல்லை. அந்த இடத்தில் கண்ணும் வாலுமாக ஒரு முழு மீன், பிறகு ‘த்துக்கல்வலசை’.

கவரில் அந்த மீனை அப்படியே வரைந்து தபாலில் போட்டேன். தபால்காரர் மறுநாளே சரியாகக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்.