கையுறையைக் கழற்றி எடுத்த போட்டோ

பெங்களூருவிலிருந்து பள்ளிச் சுற்றுலாவாக ஜப்பான் போன என் மகளும் தோழிகளும், ஒரு பட்டறையில் மரக் கிண்ணத்துக்குப் பளபளப்பு ஏற்ற ஒரு மரத்தின் பாலைப் பூசக் கற்றார்கள். அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும் என்று கையுறை கொடுத்திருந்தார்கள். கூடப் போன மிஸ், கையுறையோடு எடுத்த போட்டோவை எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இங்கே அறிவாளிகளுக்கா பஞ்சம்?

"கிளவ்ஸ் போட்டா நம்ம பிள்ளைங்க கைதான்னு யாரு நம்புவாங்க? ஸ்வல்ப நேரம் கழட்டச் சொல்லுங்க மிஸ்!" என்றார் ஓர் அம்மா. உடனே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். அதில் ஒன்று நான் போட்டது.

மிஸ்ஸும் கழற்றச் சொன்னார். போட்டோ வந்தது. இரண்டு நாளில் பிள்ளைகளின் விரல்களில் கொப்புளமும் வந்தது. நல்லவேளை, யாரும் கண்ணைத் தேய்க்கவில்லை, மருந்தில் ஆறிவிட்டது. "ஸ்கூலுக்குப் பொறுப்பே இல்ல" என்று பொங்கினார் அதே அம்மா. அதற்கும் கட்டைவிரல்கள்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். மகள் எங்கே போனாலும் இப்போது போட்டோ கேட்பதில்லை. என் கட்டைவிரலை நானே நம்புவதில்லை.