வெட்டுப்பட்ட கைமரங்கள்

எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு பொதுத்தேர்தலில் எங்கள் வாப்பா சுயேச்சையாக நின்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் மணிக்கூடு. கரியும் சுண்ணாம்பும் கொண்டு அதை ஊர் மதில்களில் கீறியவர்கள் அவரவருக்குப் பிடித்த இடத்தில் முள்ளை வைத்துவிட்டார்கள். பள்ளிவாசல் ஒழுங்கையில் பத்து மணி என்றால் சந்தைப் பக்கம் மூன்றே கால். எதிர்ப்பக்கத்துப் பொடியன்கள் சைக்கிளை நிறுத்தி, "விதானையார், உங்கட மணிக்கூடு ஓடுதா, நிண்டிட்டா?" என்று கேட்பார்கள். வாப்பா கோபிக்க மாட்டார். "கீ குடுக்கிறது நீங்கதானே தம்பி" என்பார்.

அவர் வயல் கண்டத்துக்கு வட்டவிதானை. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து வாய்க்காலைத் திறப்பதும் மறிப்பதும் அவர் வேலை. வாய்க்காலின் தலைமாட்டில் காணி உள்ளவர்களுக்குத் தண்ணீருக்குக் குறைவில்லை. கடைசியில் கிடக்கும் துண்டுக் காணிக்காரர்களுக்குத்தான் ஒவ்வொரு போகமும் நெஞ்சிடி. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சியும் வந்து வாய்க்காலைப் பெருப்பிப்போம் என்று சொல்லிவிட்டுப் போகும். பிறகு அந்தப் பக்கம் ஒரு காகமும் வராது. கடைசிக் காணிக்காரர்கள் ஒருநாள் கூட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்து, "எங்களுக்காக நீங்க நில்லுங்க" என்றார்கள். வாப்பாவுக்கு இல்லை என்ற சொல் பிறவியிலேயே வராது. ஓம் என்றுவிட்டார். அடுப்படியில் இருந்த உம்மா, "ஊருக்கெல்லாம் வாய்க்கால் மறிக்கிற மனிசனுக்குத் தன்ட வாய மறிக்கத் தெரியல்ல" என்றார்.

உம்மாவின் கோபத்துக்குக் காரணம் என் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நாங்கள் பிறந்த வீடு மூத்தவளான ராத்தாவுக்குப் போய்விட்டது. எனக்காகப் பக்கத்து வளவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர்கள் முடிந்து, கூரை மட்டும் பாக்கி. தன் சீதனக் காணியில் விளைந்ததை விற்று, போகத்துக்குப் போகம் கொஞ்சமாக, உம்மா முதிரை மரத்தில் கைமரங்கள் வாங்கி அடுக்கியிருந்தார். மழை படாமல் கிடுகு போட்டு மூடி, கறையான் வந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பார். என்னைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தவர் எங்கள் தொகுதிக்குள்ளேயே இருந்த சாய்ந்தமருதில் ஒரு ஆசிரியர். நோன்புப் பெருநாள் கழிந்து கலியாணம். கதவிடுக்கால் ஒரேயொரு தடவை பார்த்திருந்தேன். மெலிந்த கழுத்தும், எங்கே வைப்பதென்று தெரியாத கைகளும்தான் கண்ணில் பட்டன. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவருடைய வாப்பா அந்த ஊரில் பெரிய கட்சியின் வலது கை. நோன்புக்கு முன் கூரை ஏறாவிட்டால் அவர்கள் பக்கத்தில் என்ன பேச்சு வருமென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாப்பாவுக்கும் தெரியும்.

ஆனாலும் அந்தக் கூரையில்லாத வீடுதான் மணிக்கூட்டுக் கட்சியின் காரியாலயம் ஆனது. வேறு இடத்துக்கு வாடகை கொடுக்க யாரிடம் இருந்தது? பெரிய கட்சிக்கு ஜீப்பும் பெற்றோலும் கொழும்பில் அடித்த கலர் நோட்டீசும் வந்து இறங்கின. அவற்றுக்குப் பின்னால் மில்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் நின்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வலை போடுகிறவன் மீனுக்காகத்தான் போடுகிறான். தேர்தல் முடிந்தால் றோட்டு வேலை யாருக்கு, பாலம் யாருக்கு என்பது அந்த ஜீப்பிலேயே எழுதி ஒட்டாத குறை.

எங்கள் பக்கத்துக்கு வந்தது வேறு மாதிரி. கடைசிக் காணிக்காரர்கள் நெல்லைச் சாக்கில் கட்டி சைக்கிளில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். கரைவலைக்காரர்கள் தங்கள் பங்கில் ஒரு கூடை மீனை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். தையல்காரர் ஒருவர் மிஞ்சிய துணிகளை மூட்டி பெனர் தைத்தார். அதில் பாதி பூப்போட்டது, எங்கள் கட்சிக்கு என்ன நிறம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. நானும் ராத்தாவும் கோதுமை மாவில் பசை காய்ச்சினோம். பசையின் ருசிக்கு ஊர் ஆடுகள் நோட்டீசைத் தின்றன. எங்களுடையதையும் தின்றன, பெரிய கட்சியுடையதையும் தின்றன. அந்தத் தேர்தலில் கட்சி பார்க்காதது அந்த ஆடுகள் மட்டும்தான்.

மணிக்கூடு கீறப் பழகிய ஒருவர் என் படுக்கையறைச் சுவரிலேயே பழகியிருந்தார். கரியால் பெரிய வட்டம், உள்ளே எட்டரை மணி. எனக்கு வந்த கோபத்தில் பசைக் கரண்டியோடு போய் அவரை விரட்டிவிட்டேன்.

கடைசிக் கூட்டம் கடற்கரை வெளியில். மேடை போட மரம் வேண்டும். ஆதரவாளர்கள் வந்து கேட்டபோது வாப்பாவின் வாயில் மறுபடியும் இல்லை வரவில்லை. "கூட்டம் முடிஞ்ச கையோட கொண்டுவந்து அடுக்கிரணும்" என்று சொல்லிக் கைமரங்களைக் கொடுத்துவிட்டார். உம்மா அப்போது துக்கம் கேட்க ஒரு மையத்து வீட்டுக்குப் போயிருந்தார். கடற்கரை மணலில் நீண்ட மரம் ஊன்றினால் ஆடும் என்று அந்த நல்ல மனிதர்கள், ஒருவரையும் கேட்காமல், எல்லாவற்றையும் மேடைக்கு ஏற்ற அளவில் வெட்டிவிட்டார்கள். மேடை அசையவில்லை. வாப்பா அதில் ஏறி நின்று வாய்க்காலைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார் என்றும் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலையில் மரங்கள் வண்டிலில் திரும்பி வந்தன. வெட்டிய துண்டுகளையும் ஒன்று விடாமல் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள், அவற்றைப் பொருத்திவிடலாம் என்பதுபோல. உம்மா ஒரு மரத்தை எடுத்துச் சுவரோடு பிடித்துப் பார்த்தார். எட்டவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் எட்டவில்லை. வாப்பா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையை என்னால் மறக்க முடியாது. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். உம்மா திட்டவில்லை; மரத்தூளைச் சேலையில் தட்டிவிட்டு உள்ளே போனார். நான்தான் கத்தினேன். "எனக்குக் கலியாணமும் வேணாம், உங்கட எலக்சனும் வேணாம்" என்று ஒப்பாரி வைத்தேன்.

இந்தக் கதை ஊர் சுற்ற எவ்வளவு நேரம் வேண்டும்? அன்று பின்னேரமே ஒரு ஜீப் எங்கள் வளவு வாசலில் நின்றது. வந்தவர் பெரிய கட்சிக்குச் செலவழிக்கும் ஒப்பந்தக்காரர், மரம் அரிந்து விற்கும் மரக்காலை ஒன்றும் வைத்திருப்பவர். கூரையில்லாத வீட்டில் கதிரை போட்டு இருத்தினோம். அவர் மேலே வானத்தைப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகத்தான் பேசினார்.

"விதானையார், நீங்க வெல்லப்போறல்ல. அது உங்களுக்கும் தெரியும். நாளைக்கு ஸ்பீக்கர்ல ஒரு வார்த்த சொல்லுங்க, என்ட ஆக்கள் அவங்களுக்குப் போடட்டும் எண்டு. மறு நாள் விடியக்குள்ள கைமரம், ஓடு, கூரை வேலைக்கு ஓடாவி எல்லாம் இஞ்ச வந்திரும். உங்கட மகள்ற விசயம். யோசிங்க."

இல்லை சொல்லத் தெரியாத மனிதர் வாப்பா. எழுந்து அந்த வீட்டு அடுப்படிக்கு வந்தார். அங்கே நின்ற உம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு பெண்களுடையது, அதைத் தனியே தீர்மானிக்க அவருக்கு உரிமை இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "என்ன செய்ற?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அந்தக் கைமரம் வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும். வாய்க்கால் எனக்கு என்ன, கடைசிக் காணி எனக்கு என்ன? ஓம் என்று சொல்லும்படி உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் இந்தத் தேர்தலைக் கரித்துக்கொட்டியவர் அவர்தானே.

உம்மா தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் கட்டியிருந்த சீலை வரைக்கும் போனார். சீலைக்குப் பின்னால் நின்றே வாப்பாவின் கையில் கோப்பையைக் கொடுத்து வந்தவரிடம் நீட்டச் சொன்னார். பிறகு அந்த மனிதருக்குக் கேட்கும்படி சொன்னார்.

"எங்கட மரத்த வெட்டினது எங்கட ஆக்கள். அது எங்கட வீட்டுச் சண்ட. நாங்க பார்த்துக்குவம். உங்கட மரத்துக்குக் கீழ என்ட மகள் படுத்தா, அண்ணாந்து பார்க்கக்குள்ளெல்லாம் உங்கட முகம்தான் அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு வேணாம். நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடித்துவிட்டுத்தான் போனார். ஜீப் திரும்பும் சத்தம் கேட்டதும் நான் மறுபடி அழுதேன். வாப்பா உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார், புதிதாகக் கலியாணம் முடித்தவர் போல.

வாக்களிப்பு அன்று பெண்கள் வரிசையில் உம்மாவுக்குப் பின்னால் நின்றேன். விரலில் மை, கையில் சீட்டு, உள்ளே போய்ப் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. எனக்கு அதுதான் முதல் வோட்டு. அவ்வளவு கோபத்திலும் மணிக்கூட்டுக்கு எதிரேதான் பென்சிலை வைத்தேன். சின்னத்தில் மட்டும் மணி சரியாக இருந்ததுபோலத் தோன்றியது.

வாப்பா தோற்றார். சும்மா இல்லை, தேர்தலில் நிற்கக் கட்டிய கட்டுக்காசும் போனது. காலையில் றேடியோவில் முடிவு வந்தபிறகு ஊர்ச்சனம் மையத்து வீட்டுக்கு வருவதுபோல வந்தது. வந்தவர்களெல்லாம் வாப்பாவின் கையைப் பிடித்து, "அல்லாஹ்வுக்காகச் சொல்றன், என்ட புள்ளடி உங்களுக்குத்தான்" என்றார்கள். வாப்பா எல்லோருக்கும் நன்றி சொன்னார். அவர்கள் போனபின் என்னிடம், "இஞ்ச வந்த ஆக்கள் எல்லாரும் போட்டிருந்தா, மகள், நான் இப்ப பாராளுமன்றத்துக்கு உடுப்புத் தைக்கக் குடுத்திருப்பன்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கூரையில்லாத வீட்டுப் பக்கம் போனது. சிரிப்பு நின்றது. அவர் மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில்தான் தீர்ந்தது. போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

ஓடாவியார் வந்து பார்த்தார். ஒரு பக்கச் சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினால் வெட்டிய மரங்கள் எட்டும் என்றார். ஆனால் வீடு ஒடுங்கிவிடும். ஒடுங்கிய வீட்டை மாப்பிள்ளை பக்கம் ஏற்குமா? அதைக் கேட்க யாருக்கும் துணிவு வருமுன்பே, வீடு பார்க்க மாமி வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் உம்மா. தேர்தலில் வென்ற கட்சிக்காரர் வீட்டுப் பெண். நாக்குக் கூர் என்று பெயர் வாங்கியவர்.

உம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. வெட்டுப்பட்ட மரங்களைக் காட்டினார், இடிக்க வேண்டிய சுவரைக் காட்டினார், கலியாணத்தைப் பிற்போட்டாலும் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். மாமி அறை அறையாக நடந்தார். என் படுக்கையறையில் கரி மணிக்கூட்டின் முன்னால் நின்றார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"மச்சி, என்ட மகன் மெலிஞ்ச ஆள்" என்றார் மாமி உம்மாவிடம். "அவனுக்கு இந்த வீடு காணும். சுவர்ல மணிக்கூடும் கீறித்தான் இரிக்கி, வாங்கிற செலவும் இல்ல."

உம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாய் விரிக்க ஓடினார். அந்த நேரம் பார்த்து மாமி என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"உன்ட மாமாக்குச் சொல்லிப்போடாத. நான் மணிக்கூட்டுக்குத்தான் புள்ளடி போட்ட."

"வாப்பாக்காகவா மாமி?"

"உன்ட வாப்பாவ எனக்கு என்ன தெரியும்? நான் போட்டது உங்க உம்மாக்கு. மரத்த வேணாம் எண்டு சொல்லி, தேத்தண்ணி குடுத்து அனுப்பினாவாமே. மீன்காரன் வந்து சொன்னான்."

வோட்டுப் போட்டோம் என்று வந்து சொன்ன அத்தனை பேரிலும் நான் முழுதாக நம்பியது அவரைத்தான். அதைச் சொல்லி அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

பெருநாள் கழிந்து அந்த ஒடுங்கிய வீட்டில் என் கலியாணம் நடந்தது. கட்டிலைப் போட்டால் அலுமாரிக் கதவு பாதிதான் திறக்கும். எத்தனை தடவை வெள்ளையடித்தும் மாரி காலத்து ஈரத்தில் அந்த எட்டரை மணி மெல்லத் தலைகாட்டும். மாமாவுக்கு நான் சொல்லவில்லை. வாப்பாவுக்கும் சொல்லவில்லை, அவர் வாயில் ரகசியம் தங்காது. உம்மாவிடம் மட்டும், ஒரு மத்தியானம் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

உம்மாவின் கத்தி நின்றது. "அப்ப ஒரு வோட்டு எனக்கும் விழுந்திரிக்கி" என்றார்.

அன்று சாப்பாட்டுக்கு எல்லோரும் பாயில் இருந்தோம். எந்நாளும் வாப்பாவுக்குப் போகும் நடுத்துண்டு மீனை உம்மா எடுத்து, கொஞ்சமும் அவசரப்படாமல், தன் பீங்கான் தட்டில் போட்டுக்கொண்டார்.

"என்ன, இண்டைக்கு இப்படி?" என்றார் வாப்பா.

"இண்டைக்கு இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உம்மா சாப்பிடத் தொடங்கினார்.